கடைக்குக் கீழே இருக்கும் காணி

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்தியிலிருந்து டிப்போச் சந்திப் பக்கமாக ஏ-9 வீதியில் ஒருமுறை ஆறுதலாக நடந்து பாருங்கள். பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு போனாலே போதும். வங்கிகள், லீசிங் கொம்பனிகள், நகை அடகு நிலையங்கள், போன் காட்சியறைகள், மோட்டார் சைக்கிள் முகவர்கள், கண்ணாடிக் கதவு போட்ட பூட் சிட்டி. இவற்றுக்கு நடுவில் இடுங்கிப்போய் ஒரு தையல் கடை, ஒரு சைக்கிள் திருத்துமிடம், வடையும் வாய்ப்பனும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய ஒரு தேத்தண்ணிக் கடை. யுத்தம் முடிந்து சனம் திரும்பிய காலத்தில் தறப்பாள் கட்டி முதலில் திறந்தவை இந்த மாதிரிச் சின்னக் கடைகள்தான். வீதி எழும்ப எழும்ப அவற்றுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. அது எப்படி நடக்கிறது, தடுக்க வழி உண்டா என்று இன்றைக்கு ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் இந்த இடம் எப்படி விலையேறியது என்பது. 2006 ஆகஸ்டில் முகமாலையில் சண்டை தொடங்கியதோடு ஏ-9 மூடப்பட்டது. 2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தபோது கடைவீதியில் சனமில்லை. எல்லோரும் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் போயிருந்தார்கள். மே மாதம் எல்லாம் முடிந்து, செட்டிகுளம் மெனிக் பாமில் கம்பிக்குப் பின்னால் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் கண்டது கூரையில்லாத சுவர்களையும் கவிழ்ந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியையும்தான். அந்த நிலையில், கையில் கிடந்த மிச்சச் சொச்சத்தை வைத்து நாலு தடி நட்டுக் கடை போட்டவர்களை நினைத்துப் பாருங்கள். வீதியோரத்தில் இராணுவமே சிற்றுண்டிச்சாலை நடத்திய காலம் அது. அதோடும் ஈடுகொடுத்துத்தான் அவர்கள் வியாபாரம் செய்தார்கள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. 2012 செப்டம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது. 2013 செப்டம்பரில் யாழ்தேவி கிளிநொச்சிக்கு வந்தது. அடுத்த வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை ஓடியது. வீதி காப்பெற் ஆனது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் தொடங்கியது. அங்காலே ஆடைத் தொழிற்சாலை வந்தது. வவுனியாவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. மாணவர், தொழிலாளர், அரச உத்தியோகத்தர் என்று காலையில் பஸ்ஸால் இறங்கும் தலைகள் கூடின. தலைகள் கூடிய இடத்தில் காணியின் விலையும் கூடும். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் வாங்கினார்கள், கொழும்புக் கொம்பனிகள் கேட்டு வந்தன. இதில் பிழையொன்றும் இல்லை. ஊர் செழிப்பதைத்தானே எல்லோரும் விரும்பினோம்.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. ஒரு காணியின் விலையை ரயிலும் வங்கியும் மட்டும் ஏற்றுவதில்லை. அந்த இடத்துக்குச் சனம் வரும் பழக்கத்தை உண்டாக்கியவரும் ஏற்றுகிறார். குத்தகைக் காணியில் தோட்டம் செய்யும் ஒருவர் தன் காசில் கிணறு வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல தண்ணீர் கண்டதும் காணியின் பெறுமதி ஏறிவிடும். ஆனால் குத்தகை முடிந்து போகும்போது அவர் கிணற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கடைக்காரர் பத்து வருடமாகச் சேர்த்த வாடிக்கையும் அப்படித்தான். “அந்தத் தேத்தண்ணிக் கடையடியில் நில்லுங்கோ, வாறன்” என்று சனம் இடத்துக்கே அடையாளம் சொல்லத் தொடங்கும்போது கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீருக்குத்தான் அடுத்த ஒப்பந்தத்தில் கூடிய வாடகை கேட்கப்படுகிறது.

கடை மூடப்பட்டால் நாம் முதலில் குற்றம் சொல்வது பக்கத்தில் வந்த பெரிய கடையை. “பூட் சிட்டி வந்துது, இவன்ர கடை படுத்திட்டுது” என்போம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலக்கங்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தேத்தண்ணிக் கடையில் மா, சீனி, காஸ், கூலி எல்லாம் போக நாளுக்கு 2,500 ரூபா மிஞ்சுகிறது. மாதத்தில் 26 நாள் திறந்தால் 65,000. வாடகை 15,000 போக வீட்டுக்கு 50,000. இப்போது பக்கத்தில் பெரிய கடை வந்து மிச்சத்தில் பத்திலொரு பங்கைக் கொண்டுபோய்விட்டது என்போம். 58,500 வரும், வாடகை போக 43,500. 6,500 ரூபா நட்டம். நோகும், ஆனால் தாங்கலாம்.

இனி மற்றப் பக்கம். பெரிய கடை வரவேயில்லை; வாடிக்கை ஒருவரும் குறையவில்லை. வாடகை மட்டும் 40,000 ஆகிறது. வீட்டுக்கு வருவது 25,000. பாதி போய்விட்டது. அதை ஈடுசெய்ய, ஒரு தேத்தண்ணியில் 20 ரூபா மிஞ்சினால், மாதத்துக்கு 1,250 தேத்தண்ணி கூடுதலாக விற்க வேண்டும், நாளுக்கு 48. அதே வாங்கு, அதே அடுப்பு, அதே இரண்டு கைகள். முடியாது. பக்கத்து லீசிங் கொம்பனி அதே இடத்துக்கு ஒரு இலட்சம் தருகிறேன் என்றால் பேச்சே இல்லை. ஆக, கடையைச் சாய்ப்பது பெரும்பாலும் எதிரே இருக்கும் கடை அல்ல. கடைக்குக் கீழே இருக்கும் காணியில் கடைக்காரருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதே கேள்வி.

இங்கேதான் எல்லோரிடமும் இருக்கும் ஒரு தப்பான நம்பிக்கைக்கு வருகிறோம். இதில் கொஞ்சம் கூட நேரம் எடுத்துக்கொள்வோம். கடைக்காரரிடம் “உங்களுக்கு எழுத்து இருக்கா?” என்று கேட்டால், “ஏன் இல்லை, ஐந்து வருஷத்துக்கு எழுதியிருக்கு” என்று மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுப்பார். நாலாக மடித்து, மடிப்பு வழியே கிழியத் தொடங்கி, மூலையில் எண்ணெய் பட்ட தாள். கச்சேரியடியில் தட்டச்சுச் செய்திருப்பார்கள், அல்லது கொப்பி ஒற்றையில் கையால் எழுதியிருப்பார்கள். இன்னாருக்கு இன்னார் கடை அறையை ஐந்து வருடத்துக்கு வாடகைக்கு விட்டேன், முற்பணம் இவ்வளவு பெற்றுக்கொண்டேன் என்று இருக்கும். கீழே முத்திரை ஒட்டி அதன் மேல் குறுக்கே இரண்டு கையெழுத்து. சில வேளை விதானையாரின் றப்பர் முத்திரையும் இருக்கும். பார்த்தால் பலமான கடதாசி மாதிரித்தான் தெரியும்.

ஆனால் இலங்கையில் 1840ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று அதற்குப் பெயர். காணி, கட்டடம் போன்ற அசையாச் சொத்தில் ஒருவருக்கு உரிமை கொடுக்கும் எழுத்து எதுவும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது சட்டத்தின் முன் செல்லாது என்கிறது. வாடகைக்கும் இது பொருந்தும். வாடகையில் முக்கியமான விலக்கு, ஒரு மாதத்துக்கு மேற்படாத வாடகை. அதாவது ஒரு மாதம் வரைக்குமான வாடகைக்கு வாய்ப்பேச்சே போதும். அதைத் தாண்டினால் நொத்தாரிசு வேண்டும்.

இப்போது லாச்சியில் இருக்கும் தாளைத் திரும்பப் பாருங்கள். ஐந்து வருடம் என்று எழுதியிருக்கிறது, நொத்தாரிசு இல்லை. ஆகவே அந்த ஐந்து வருடம் சட்டத்தில் இல்லை. கடைக்காரர் இடத்தில் இருக்கிறார், மாதாமாதம் வாடகை கொடுக்கிறார் என்பதால் நீதிமன்றம் அவரை மாத வாடகையாளராகப் பார்க்கும். மாத வாடகையை முடிக்க, சாதாரணமாக, ஒரு மாத அறிவித்தல் போதும். ஐந்து வருடத்தை நம்பிச் சீமெந்து போட்டவர், இலட்சக்கணக்கில் ராக்கை அடித்தவர், உண்மையில் மாதத்துக்கு மாதம் ஓடும் ஒரு வாடகையில்தான் இருந்திருக்கிறார். விதானையாரின் முத்திரை ஒருவர் எந்த முகவரியில் இருக்கிறார் என்பதைச் சொல்லலாம்; ஐந்து வருட உரிமையை அதனால் உண்டாக்க முடியாது.

இதை முதன்முறை கேட்பவர்களுக்கு நெஞ்சில் இடி விழுந்த மாதிரி இருக்கும். அப்போ அந்தத் தாளை எறிந்துவிடலாமா என்றால், வேண்டாம். முற்பணம் கொடுத்ததற்கும் வாடகை எவ்வளவு என்பதற்கும் அது சாட்சி. வெளியேற வேண்டி வந்தால் முற்பணத்தைத் திருப்பிக் கேட்க அந்தத் தாளும் மாதாந்த வாடகைச் சிட்டைகளும்தான் கையில் இருப்பவை. சிட்டை வாங்காமல் காசைக் கையில் கொடுத்துவிட்டு வரும் பழக்கம் எங்கள் பக்கம் நிறைய உண்டு. “அவர் எங்கட ஆள்தானே, சிட்டை கேட்டால் குறை நினைப்பார்” என்று கூச்சப்படுவார்கள். குறை நினைக்கட்டும். வங்கிக் கணக்குக்கே வாடகையைப் போட்டுவிட்டால் கூச்சத்துக்கும் இடமில்லை, பிறகு சண்டைக்கும் இடமில்லை.

1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இருக்கிறதே என்று வவுனியா நகரத்துப் பழைய வியாபாரிகள் கேட்பார்கள். இருக்கிறது. அது வாடகையாளர்களுக்குப் பெரிய கவசமாக இருந்த சட்டம். ஆனால் அது எல்லா ஊருக்கும் எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்துவதில்லை. எந்த உள்ளூராட்சிப் பகுதி, கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதி என்ன என்பதைப் பொறுத்தது. பெறுமதி கூடிய வியாபாரக் கட்டடங்கள் அதற்கு வெளியே நிற்கின்றன. ஒரு சட்டத்தரணியிடம் காட்டிக் கேளாமல் அதை நம்பிக் கடை வைக்க வேண்டாம்.

சரி, நொத்தாரிசு முன் எழுதினால் என்ன கிடைக்கும்? இதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒல்லாந்தர் விட்டுப்போன ரோமன்-டச்சுச் சட்டத்தில் ஒரு விதி உண்டு: வாடகை விற்பனைக்கு முந்தியது. நீங்கள் முறையாக எழுதிய ஆறு வருடக் குத்தகையில் இருக்கிறீர்கள், இரண்டாம் வருடம் சொந்தக்காரர் காணியை வேறொருவருக்கு விற்றுவிட்டார் என்று வைப்போம். வாங்கியவர் உங்கள் குத்தகையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். மிச்ச நாலு வருடமும் நீங்கள் இருக்கலாம்; வாடகையைப் புதியவரிடம் கொடுத்தால் சரி. காணி கைமாறும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கும் கடைக்காரருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை.

ஆனால் அதற்கு இன்னும் ஒரு படி ஏற வேண்டும். எழுதிய உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியாத எழுத்து, பிறகு விலைகொடுத்து வாங்கித் தன் உறுதியைப் பதிந்துகொண்டவருக்கு எதிராக நிற்காது. நொத்தாரிசுக்குக் காசு கொடுத்து எழுதிவிட்டு, உறுதியை அலுமாரிக்குள் வைத்துவிடுவது பாதிக் கிணறு தாண்டியது மாதிரி. பதிந்தாயிற்றா என்று நொத்தாரிசிடம் திரும்பப் போய்க் கேட்க வேண்டும்.

இதில் வன்னிக்கே உரிய ஒரு முடிச்சும் உண்டு. காணி பல வேளை ஒருவருடையதாக இருக்காது. அண்ணன் கனடாவில், அக்கா ஜேர்மனியில், இங்கே இருக்கும் தம்பிதான் வாடகை வாங்குகிறார். தம்பி ஒப்பமிட்டால் அவருடைய பங்குக்குத்தான் அது பிடிக்கும். மற்றவர்களுக்காக அவர் ஒப்பமிட வேண்டுமானால் முறையான அற்றோணித் தத்துவம் வேண்டும். “சித்தப்பாதான் பார்க்கிறார்” என்று சொல்லிச் சித்தப்பாவிடம் ஒப்பம் வாங்கி வைத்திருப்பவர்கள், சித்தப்பாவிடம் என்ன எழுத்து இருக்கிறது என்று ஒருநாள் பணிவாகக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்த முடிச்சு அதைவிட இறுக்கமானது. வன்னியில் பெரும்பகுதி அரச காணி. இரணைமடுவை நம்பிக் குடியேற்றங்கள் அமைந்த காலத்திலிருந்து இங்கே பலருடைய கையில் இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேர்மிற். பேர்மிற் காணியை அனுமதியில்லாமல் விற்கவோ, ஈடு வைக்கவோ, குத்தகைக்கு விடவோ அந்தச் சட்டம் இடம் கொடாது. விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும் கொடுத்த காணி அது. ஆனால் சந்தி வளர்ந்து காணியின் முகப்பில் கடைகள் முளைத்துவிட்டன. அப்படிப்பட்ட கடையை வாடகைக்கு எடுத்தவர் நொத்தாரிசைத் தேடிப் போனாலும் நல்ல நொத்தாரிசு எழுத மாட்டார். செய்யக்கூடியது, பேர்மிற்காரரும் கடைக்காரரும் சேர்ந்து பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போவது. அரச காணியை வியாபாரத்துக்கு நீண்டகாலக் குத்தகையில் பெறுவதற்கு அரச காணிகள் கட்டளைச் சட்டத்தில் வழியுண்டு. நேரம் எடுக்கும், அலைய வைக்கும். ஆனாலும் விண்ணப்பம் கொடுத்த திகதி கையில் இருப்பது ஒன்றுமில்லாததைவிட மேல்.

பேர்மிற் பற்றிப் பேசும்போது பெண்களுக்கு ஒரு செய்தி. யுத்தத்துக்குப் பிறகு வன்னியில் கடை வைத்துக் குடும்பம் பார்க்கும் பெண்கள் எத்தனையோ பேர். பேர்மிற்காரர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால் மூத்த ஆண் பிள்ளைக்கே காணி போகும் நிலை நெடுங்காலம் இருந்தது. 2022இல் வந்த திருத்தச் சட்டம் அந்த ஆண் முன்னுரிமையை எடுத்துவிட்டது. தகப்பனின் காணி முகப்பில் கடை நடத்தும் மகள்மார் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

வீதி அகலிக்கும்போது என்ன நடக்கும் என்றும் பார்த்துவிடுவோம். அரசு காணியைச் சுவீகரிப்பது 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. அதில் நட்டஈடு கேட்கும் உரிமை “அக்கறையுள்ள ஆட்களுக்கு” உண்டு. சொந்தக்காரர், பங்காளர், ஈடு பிடித்தவர், குத்தகைக்காரர் எல்லோரும் அதற்குள் வருவார்கள். ஆனால் மாத வாடகையாளர் அதற்குள் அடங்கமாட்டார் என்று சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது. நொத்தாரிசு இல்லாத தாளோடு இருந்தவர் மாத வாடகையாளராகிவிட்டார் என்று மேலே பார்த்தோம் அல்லவா? இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். கடையின் முகப்பை இயந்திரம் இடிக்க வரும் நாளில், பத்து வருடம் அங்கே அடுப்பு எரித்தவர் சட்டத்தின் கண்ணில் ஆளே இல்லை. உறுதியில்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்று கட்டாய மீள்குடியேற்றம் பற்றிய 2001ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கை சொல்கிறதுதான். அதைக் காட்டிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கொள்கை சட்டம் ஆகாது.

பிரதேச சபைக் கடைகளிலும் இதே கதை வேறு உருவில் நடக்கிறது. கேள்விப்பத்திரம் போட்டுக் கடையை எடுத்தவர் ஒருவர். கூடிய காசுக்கு அதை உள்வாடகைக்கு எடுத்து நடத்துபவர் இன்னொருவர். சபையின் பதிவேட்டில் நடத்துபவரின் பெயர் இல்லை. 2016 செப்டம்பரில் ஓர் இரவு கிளிநொச்சிப் பொதுச்சந்தையில் தீப்பிடித்துக் கடைகள் வரிசையாக எரிந்தன. யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து திரும்பக் கட்டியவர்கள் இரண்டாம் தடவை இழந்தார்கள். அப்படி ஒரு சந்தை எரிந்தாலோ, புதிதாகக் கட்டப்பட்டாலோ, இடம் பங்கிடும் நாளில் பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் முதலில் அழைக்கப்படுவார். உள்வாடகைக் கடைகளைக் கணக்கெடுத்து நடத்துபவர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பது சபைக்குச் செலவில்லாத வேலை. உறுப்பினர்களை இதற்கு நெருக்கலாம்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். முற்பணத்தை இரட்டிப்பாக்கு என்றதும் பலர் ஓடுவது நுண்கடன் கொம்பனிக்கு. அந்தக் கடன்கள் வன்னியிலும் கிழக்கிலும் பெண்களை நெரித்ததால்தான் 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, நிலுவையில் நின்ற நுண்கடன்களை அரசு பொறுப்பேற்க வேண்டி வந்தது. அடுத்த மாதமே காலியாக்கச் சொல்லக்கூடிய இடத்துக்கு, வாராந்தக் கட்டுக்காசில் கடன் எடுத்து முற்பணம் கட்டாதீர்கள். முதலில் எழுத்து, பிறகு காசு. கட்டாயம் கடன் வேண்டுமென்றால் உங்கள் ஊர்ச் சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தின் கதவை முதலில் தட்டுங்கள்.

மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன? தூரம் போக வேண்டாம், எங்கள் சொந்தக்காரரிடமே கேட்கலாம். பாரிஸில் லா சப்பலில் கடை வைத்திருக்கும் ஓர் உறவினரிடம் அவருடைய குத்தகை பற்றிக் கேட்டுப் பாருங்கள். பிரான்சில் 1953இலிருந்து வியாபாரக் குத்தகைக்குத் தனிச் சட்டம் உண்டு. குறைந்தது ஒன்பது வருடம். முடிந்த பிறகும் புதுப்பிக்க மாட்டேன் என்று சொந்தக்காரர் சொன்னால், சாதாரணமாக, கடைக்காரருக்கு வெளியேற்ற நட்டஈடு கொடுக்க வேண்டும். அதாவது கிணற்றுக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் தோட்டக்காரரை அனுப்பலாம். இங்கிலாந்தில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் வியாபார வாடகையாளருக்குக் குத்தகையைப் புதுப்பிக்கக் கேட்கும் உரிமையைக் கொடுக்கிறது; ஆரம்பத்திலேயே அதை விட்டுக்கொடுத்து ஒப்பமிடாதிருந்தால். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2015இல் வாக்கெடுப்பு நடத்தி, நெடுங்காலமாக ஊரோடு ஒட்டிய கடைகளைப் பதிவேட்டில் சேர்த்து, அவற்றுக்குப் பத்து வருடக் குத்தகை கொடுக்கும் சொந்தக்காரர்களுக்கு ஊக்கப்பணம் கொடுக்கத் தொடங்கியது. சொந்தக்காரரை எதிரியாக்காமல் பக்கத்தில் சேர்த்துக்கொண்ட வழி அது.

இலங்கை போகும் திசை வேறு. 2023ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டம், குத்தகைக்காலம் முடிந்த பிறகும் விட்டுப் போகாதவரிடமிருந்து கட்டடத்தைச் சொந்தக்காரர் விரைவாக மீட்பதற்கு வந்தது. வழக்குப் பேசிப் பேசியே பல வருடம் வாடகையில்லாமல் இருந்த சொந்தக்காரர்களும் இந்த நாட்டில் உண்டு, அவர்களுக்கு அது தேவைதான். இடம்பெயர்ந்து தம் காணியைப் பல வருடம் பார்க்கவே முடியாமல் இருந்தவர்கள் வன்னியில்தானே அதிகம். வாடகைக்கு விட்டிருப்பவர் கணவனை இழந்த ஒரு தாயாகவும் இருக்கலாம். அந்த 15,000 ரூபா அவருடைய மருந்துக் காசாகவும் இருக்கலாம். ஆனால் முடிவுத் திகதிக்குப் பின் நிற்பதைக் கடினமாக்கிய சட்டம், முடிவுத் திகதிக்கு முன்னமே புதுப்பிக்கும் உரிமை எதையும் கடைக்காரருக்குக் கொடுக்கவில்லை. ஆகவே அந்த உரிமையை ஒப்பந்தத்தில் நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எப்படி எழுதுவது? குறைந்தது ஐந்தாறு வருடம். வாடகை வருடத்துக்கு இத்தனை சதவீதம் கூடும் என்று முதலிலேயே இலக்கத்தில் எழுதுங்கள். ஏறவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் எந்தச் சொந்தக்காரரும் ஒப்பமிட மாட்டார். ஏற்றம் தெரிந்திருந்தால் நீங்கள் தயாராகலாம், அவருக்கும் நட்டமில்லை. காலம் முடிய ஆறு மாதத்துக்கு முன் எழுத்தில் கேட்டால் இன்னொரு தவணை புதுப்பிக்கலாம் என்று ஒரு வாசகம். விற்பதானால் முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாசகம். நீங்கள் போட்ட ராக்கை, மின்வேலை, மேற்கூரை யாருக்கு என்பதற்கும் ஒரு வாசகம். இந்த மூன்று நாலு வரி இல்லாததால்தான் கடைகள் காலியாகின்றன. நொத்தாரிசுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் சேர்ந்து சின்னத் தொகையல்ல. ஆனால் அடுத்த முறை கேட்கப்போகும் முற்பணத்தோடு ஒப்பிட்டால் சின்னது.

எழுத்து ஒன்றுமே இல்லாமல், திடீரென ஒரு காலை கடைக்கு வந்தால் பூட்டு மாற்றப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கை விரிக்க வேண்டாம். சொந்தக்காரரானாலும் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் ஒருவரைப் பலவந்தமாக வெளியேற்ற முடியாது. சமாதானக் குலைவு வரும் என்று தெரிந்தால் 1979ஆம் ஆண்டு ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் ஒரு கெடு உண்டு. வெளியேற்றிய இரண்டு மாதத்துக்குள் விஷயம் நீதிமன்றத்துக்கு முன் போயிருக்க வேண்டும். “பேசித் தீர்ப்பம், பேசித் தீர்ப்பம்” என்று மூன்று மாதம் கோயில் திண்ணையில் பேசினால் அந்த வழி அடைபட்டுவிடும். உடனே பொலிஸில் முறைப்பாட்டைப் பதிந்துவிட்டு, பேசுவதைப் பிறகு பேசுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அதற்கு அலுவலகம் உண்டு.

வர்த்தகர் சங்கங்களிடம் ஒரு கோரிக்கை. தீபாவளிக்கு வீதிக்கு மின்விளக்குப் போட எடுக்கும் சிரத்தையில் கொஞ்சத்தை இதற்குத் தாருங்கள். நல்ல சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு ஒரு மாதிரிக் குத்தகை ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதுவித்து, ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். தனியாகக் கேட்கும் கடைக்காரருக்கு வரும் கூச்சம், “சங்கம் தந்த ஒப்பந்தம் இது” என்று நீட்டும்போது வராது.

லண்டனிலோ பாரிஸிலோ இருந்துகொண்டு ஏ-9 ஓரத்தில் காணி வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமாரிடம் வேண்டுவது இது. உங்கள் ஊர்க் கட்டடத்தில் இன்று அடுப்பு எரிப்பவருக்கு, நீங்கள் அங்கே வாங்கியது போன்ற ஓர் எழுத்தைக் கொடுங்கள். ஆறு வருடத்துக்கு, நியாயமான ஏற்றத்தோடு, நொத்தாரிசு முன், காணிப் பதிவகத்தில் பதிந்து. எழுதும் செலவில் பாதியை நீங்கள் பொறுத்தால் அவர் மறுபேச்சில்லாமல் ஒப்பமிடுவார்.